ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்

எல்லாரும் எழுந்து போன பிறகு, தான் மட்டும் திரும்பிப் போய் அந்த இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வருவது அவருடைய பழக்கம். ரயில் நிலையத்துப் பெஞ்சு, சாப்பாட்டுக் கடை மேசை, காட்டில் கூடாரம் போட்டிருந்த தரை, மாதா கோயிலில் பூசை முடிந்து காலியான வரிசை, எதுவானாலும் சரி. "நீங்க போங்க, ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் திரும்பி நடந்திருப்பார். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு வருவார். அதில் அவருக்கு ஏமாற்றமோ வெட்கமோ இருந்து நான் பார்த்ததில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தவிரவும், பழகிய காலத்தில் ஒரு நாள்கூட நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அவரை அக்கா என்றேன். அவரும் என்னை அக்கா என்றார். இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டியிருந்தோம். யார் மூத்தவர் என்று கேட்டுக்கொள்ள இருவருக்குமே கூச்சம்.

கோலாலம்பூர் செந்தூலில் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா ரயில் பட்டறையில் வேலை செய்தவர் என்று ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் தன்னைப் பற்றிச் சொல்ல மாட்டார். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த அந்த நோய்க் காலத்தில் வேனை விற்றுவிட்டு ஜொகூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பழைய எண்ணுக்கு அழைத்தால் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

நான் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருப்பவள். நாற்பத்து மூன்று வயதில் டாக்டர் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி, தினமும் நடக்கச் சொன்னார். பக்கத்து மேசைப் பெண் அதைக் கேட்டுவிட்டு, ஒரு தொண்டூழியக் குழுவில் தன் பெயரோடு என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். உலு லங்காட் பக்கத்து மலைக்காட்டில், முன்பு மரம் வெட்டிய இடங்களில், வெளியிலிருந்து வந்த ஒரு கொடி பரவி இளமரங்களை மூடி மூச்சடைக்க வைத்துக்கொண்டிருந்தது. முதுகுப் பையைச் சுமந்து ஏறிப் போய், இரண்டு இரவு கூடாரத்தில் தங்கி, அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டு இறங்க வேண்டும். அதுதான் வேலை. புறப்படுகிற அன்று காலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அதற்கு முந்தைய நாள் அம்மாவிடம் கொடியின் படத்தைக் காட்டினேன். என் அம்மா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் களை எடுத்தவர். கைபேசியை எட்ட வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நம்ம தோட்டத்துக் கொடிடி. தரை காயாம இருக்கட்டும்னு தொரைமாருங்க ரப்பர் கன்னுக்கு நடுவுல போட்டாங்க. அது கன்னு மேலயே ஏறிடுச்சு. அப்புறம் எங்களையே புடுங்கச் சொன்னாங்க."

"அதேதான்மா. இப்ப காட்டுக்குள்ள போயிடுச்சாம்."

"என்ன கூலி தருவாங்க?"

"கூலியெல்லாம் இல்ல. சும்மாதான்."

அம்மா கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "உன்னைய அவ்வளவு தூரம் படிக்க வச்சதே களை புடுங்கக் கூடாதுன்னுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

காஜாங் ரயில் நிலையத்தில் கூட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உடன்பிறந்த அக்காள் மகனிடம் இரவல் வாங்கிய பையை நான் பெஞ்சிலிருந்து தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. வேறு பக்கமாகப் போய்த் தூக்கிப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை. அப்போது ஒரு பெண் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குட்டை முடி, முழுக்கை சட்டை, கழுத்தில் ஒரு விசில்.

"தொறக்கலாமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தார். உள்ளே டிஃபன் கேரியரில் நாசி லெமாக் சோறு, குளிக்க இரண்டு துண்டு, ஒரு சலவை சோப், வீட்டுத் தலையணை.

"இந்தத் தலகாணி எதுக்குக்கா?"

"இது இல்லாட்டி கழுத்து வலிக்கும்."

"சரி."

சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிஃபன் கேரியரை எடுத்துச் சுற்றி இருந்தவர்களுக்கு அங்கேயே பங்கு போட்டார். தலையணையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தன் முதுகுப் பைக்கு வெளியே கட்டிக்கொண்டார். ரோஜாப்பூ போட்ட உறை. அன்றைக்கு மலை முழுக்க அந்த ரோஜாப்பூக்கள் எனக்குப் பின்னால் ஏறி வந்தன.

எங்களை அடிவாரத்துக்கு ஏற்றிப் போக லோரி வந்தது. எல்லாரும் ஏறிய பிறகு அவர் இறங்கினார். "ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்" என்று பெஞ்சுக்குப் போய், என் குடையை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அவரைத் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

மலை ஏறும்போது அவர் எப்போதும் கடைசி ஆள். நான் கடைசிக்கு முந்திய ஆள். பத்து அடிக்கு ஒரு தரம் நின்றேன். நான் நிற்கும்போதெல்லாம் பின்னால் அவரும் நிற்பார். "வாங்க", "இன்னும் கொஞ்சந்தான்" என்றெல்லாம் சொல்ல மாட்டார். குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவார். நான் நடந்தால் அவரும் எழுந்து நடப்பார். அவருக்காக நான் நிற்பது போலவே அன்று முழுவதும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. மேலே போய்ச் சேர்ந்து அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்தபோதுதான் பார்த்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அதில் கயிறே கிடையாது.

குழுவை நடத்தியவர் அஸ்மான். முப்பத்தைந்து வயது, காட்டிலாகா படிப்பு படித்தவர், பொறுமைசாலி. அவரோடு சேர்த்து நாங்கள் பத்துப் பேர். அடிவாரத்தில் ஓராங் அஸ்லி பழங்குடியினர் குடியிருக்கும் கம்பத்திலிருந்து ஒருவர் வழிகாட்டியாக வந்து, நாங்கள் வேலை செய்யும்போது கூடாரங்களுக்குக் காவலாக இருப்பார்.

மலாய்க்காரர்கள் அந்தக் கொடியை உலாம் தீக்குஸ், எலி தின்னும் கீரை என்கிறார்கள். இதய வடிவத்தில் இலை, சின்ன வெள்ளைப் பூ. பார்த்தால் ஆபத்து ஒன்றும் தெரியாது. ஆனால் தரையில் படும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். பிடுங்கும்போது ஒரு விரல் நீளத் துண்டு மண்ணில் விழுந்து கிடந்தால் போதும், அடுத்த முறை வரும்போது அது ஒரு கொடியாக நிற்கும். பிடுங்கியதைச் சாக்கில் கட்டி, தரையில் படாமல் மரக்கிளையில் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும்.

வேலையில் அக்கா கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் நாலு சாக்கு கட்டினால் அவர் ஒன்றரை கட்டுவார். பாதி நேரம் நாங்கள் முடித்துவிட்டு நகர்ந்த இடத்தில் குனிந்துகொண்டிருப்பார். நாங்கள் சிந்தியதைப் பொறுக்குவார்.

"அக்கா, முன்னால வாங்க லா. அங்க முடிஞ்சது" என்று அஸ்மான் மலாயில் சத்தம் போடுவார்.

"போங்க போங்க. ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்."

இரண்டு மாதம் கழித்து அதே சரிவுக்குப் போனபோது, நடுவில் ஒரு பட்டை மட்டும் சுத்தமாக இருந்தது. இரண்டு பக்கமும் கொடி மறுபடியும் தலை தூக்கியிருந்தது. அந்தப் பட்டை யாருடையது என்று அஸ்மான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரை முன்னால் வரச் சொல்லவும் இல்லை.

எனக்கு அவர் மேல் எப்போதும் பிரியம் இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு முறை பயணம் முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். உடம்பெல்லாம் வலி. கே.எல். சென்ட்ரலுக்கு நடந்து போய், கிள்ளான் ரயிலுக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்று படியில் இறங்கும்போது அவர் நின்றுவிட்டார்.

"கடையில ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

"அக்கா, நான்தான் பார்த்தேனே. ஒண்ணும் விடல."

"தெரியும். இருந்தாலும்..."

அவரை விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. நின்றேன். ரயில் போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். நான் கத்திவிட்டேன். "உங்களுக்கு என்னதான் பிரச்சினை? யாரும் எதையும் விடல! ஒவ்வொரு தடவையும் இதே வேலையா?" சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடுத்த ரயில் வரும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் போக வேண்டிய செந்தூல் ரயில் நடுவில் ஒன்று வந்து போனது. என்னை ஏற்றிவிட்டுத்தான் அவர் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வெறும் பழக்கம் இல்லையோ என்ற சந்தேகம் அவருடைய வேனில் ஏறிய அன்றுதான் வந்தது. ஒரு வேலையாகச் செந்தூலுக்குப் போயிருந்தேன். வெயிலில் நடக்க வேண்டாம் என்று நிலையத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஒரே கூச்சல். ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டு, கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போனதும், இன்ஜினை நிறுத்தினார். எழுந்து பின்வரிசை வரைக்கும் போனார். ஒவ்வொரு சீட்டையும் உள்ளங்கையால் தொட்டார். முட்டி போட்டு அடியில் பார்த்தார். திரும்பி வரும்போது மறுபடியும் தொட்டுக்கொண்டே வந்தார். வேனில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. முகத்தில் வியர்வை வழிந்தது. நான் என்ன என்று கேட்கவில்லை. கே.எல். சென்ட்ரலில் கத்தியது ஞாபகத்துக்கு வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அந்த நான்காவது பயணம்.

இரண்டாம் நாள், உச்சி வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடைக்கு மேலே இருந்த சரிவில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து வேலை செய்தோம். விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைக் கொடி போர்வைபோல் மூடியிருந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மரத்துக்கு அடியிலிருந்து குளவிகள் கிளம்பின.

"ஓடுங்க! ஓடைக்கு ஓடுங்க!" என்று அஸ்மான் கத்தினார். எல்லாரும் கீழே ஓடினார்கள். எனக்கும் ஓடைக்கும் நடுவில் குளவிகள் இருந்தன. நான் மேலே ஓடினேன். கழுத்தில் கொட்டியது, காதுக்குப் பின்னால் கொட்டியது, கையில் எத்தனை என்று தெரியாது. பத்துப் பதினைந்து எட்டு வைத்திருப்பேன். அடுத்த எட்டுக்குத் தரை இல்லை.

பழைய லோரிப் பாதையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் அரித்த பள்ளம் அது. ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். கொடி அதன்மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்து, பள்ளம் இருப்பதே தெரியாமல் மூடியிருந்தது. நான் அதைக் கிழித்துக்கொண்டு விழுந்தேன். கிழிந்த இடத்தில் கொடிகள் சரிந்து திரும்பவும் மூடிக்கொண்டன. கணுக்கால் பிசகிவிட்டது. அதைவிட மோசம், உதடு தடித்துக்கொண்டே போனது. தொண்டைக்குள் யாரோ பஞ்சைத் திணிப்பது போல இருந்தது. கத்திப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் பெய்வதுபோல் இலைகளின்மேல் பெய்தது. அந்தச் சத்தத்தில் நான் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். களை பிடுங்கப் போய்ச் செத்தாள் என்று அவர் ஊராரிடம் எப்படிச் சொல்வார் என்று நினைத்தேன். சாகிற நேரத்தில் வெட்கமாக இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஓடையில் நடந்ததை அஸ்மான் பிறகு சொன்னார். எல்லாரும் தண்ணீரில் இறங்கி முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். குளவிகள் அடங்கியதும் அவர் தலைகளை எண்ணினார். பத்து. மழை வலுத்தது. ஓடையில் தண்ணீர் ஏறினால் கூடாரம் இருக்கும் அக்கரைக்குப் போக முடியாது. எல்லாரையும் அவசரமாகக் கடக்க வைத்தார். முக்கால்வாசிப் பேர் கடந்த பிறகு அக்கா நின்றார்.

"ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்."

"அக்கா, பத்துப் பேரும் இருக்கோம். எண்ணிட்டேன். தண்ணி ஏறுது."

"நீங்க போங்க."

"இப்ப விளையாட்டு இல்லக்கா! வாங்க!"

அதற்குள் அவர் சரிவில் பாதி தூரம் ஏறியிருந்தாராம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குரல்தான். "அக்கா... அக்கா..." கூப்பிடுவதும் நிறுத்துவதுமாக வந்தது. கிட்டே வந்து தள்ளிப் போனது. தள்ளிப் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கைக்கு எட்டிய கொடியைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஆட்டினேன். கை ஓயும்வரை ஆட்டினேன். தலைக்கு மேல் கொடி விலகியது. மழையோடு அவர் முகம் தெரிந்தது.

"இங்கதான் இருக்கீங்களா" என்றார், ஏதோ சந்தைக்கூட்டத்தில் தேடியதுபோல.

கொடிகளைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "வேன்ல ஒரு பையனுக்கு எறா சாப்பிட்டா தடிச்சிடும். அவனுக்காக வச்சிருக்கேன். மெல்லுங்க." மென்றேன். என்னைப் படுக்க விடவில்லை. பின்னால் உட்கார்ந்து, என் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். விசிலை எடுத்து ஊதினார். நிறுத்தினார். மறுபடி ஊதினார். வெகு நேரம் கழித்து அக்கரையிலிருந்து அஸ்மானின் விசில் பதில் சொன்னது. ஆனால் யாரும் வரவில்லை. தண்ணீர் ஏறிவிட்டது என்று புரிந்தது.

"நீங்க பேசாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. காலையில பசியாறினீங்களா?"

ஆட்டினேன்.

"அம்மாவுக்கு நீங்க கூட்டிட்டு வந்த மருமகன் யாரும் இல்லையா?"

இல்லை என்று ஆட்டினேன். அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"உங்களுக்கு என்ன வயசு? நாப்பதா? நாப்பத்தொண்ணா? ரெண்டா? மூணா?"

மூன்றில் ஆட்டினேன்.

"அட. எனக்கு நாப்பத்தொண்ணுதான். அப்ப இவ்வளவு நாளும் நீங்கதான் அக்கா."

இப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். என் தலை கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்தால் அடுத்த கேள்வி வரும். எங்கள் வீட்டில் மீன் குழம்பா, தமிழ்ப்பள்ளியில் படித்தேனா, நாய் பிடிக்குமா, பூனை பிடிக்குமா. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தாராளமாக வர ஆரம்பித்தது. அதை நான் உணர்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் அவர் நெஞ்சு ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது.

மழை விட்டு, தண்ணீர் வடிந்து, அஸ்மானும் வழிகாட்டியும் கயிற்றோடு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். என்னை மேலே ஏற்றி, சாக்கையும் கழிகளையும் வைத்துக் கட்டிய தூளியில் படுக்க வைத்தார்கள். தூக்கப் போகும்போது அக்கா, "ஒரு எட்டு..." என்றார். அந்தக் காலிப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய் உள்ளே பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நின்று காத்திருந்தார்கள்.

காஜாங்கில் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் தனியாகப் படுத்துக் கிடந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்காமல் விட்டுவிட்டார். அஸ்மான் வந்து கட்டில் பக்கத்தில் நின்று கண் கலங்கினார். சத்தம் கேட்டுக் கூடாரத்திலிருந்து ஓடைக்கு ஓடி வந்த வழிகாட்டியையும் அந்தப் பத்தில் சேர்த்து எண்ணிவிட்டாராம். நல்லவேளை, அக்கா சரியாக எண்ணியிருக்கிறார் என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

கால் சரியானதும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு செந்தூலுக்குப் போனேன். அழைத்துக்கொண்டு போனேன் என்பதைவிட அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார் என்பதுதான் சரி. காலையிலேயே எழுந்து கோழி பிரட்டலும் புளிச்சோறும் செய்து கட்டிக்கொண்டார். அக்கா அடுக்குமாடிக்குக் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா நேராகப் போய் அவர் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"களை புடுங்கப் போன எடத்துல என் புள்ளைய புடுங்கிக் குடுத்திருக்க. நீ நல்லா இருக்கணும்."

அக்கா சங்கடப்பட்டு, "வாங்கம்மா, மேல போய் உக்காரலாம்" என்றார். அம்மா மறுத்து வேன் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு எல்லாரும் தப்பா எண்ணிட்டாங்க. நீங்க ஒருத்தர் சரியா எண்ணினதாலதான் நான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்."

குழாயை மூடினார்.

"இல்லக்கா. நானும் பத்துதான் எண்ணினேன்."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?"

அப்போதுதான் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிடும்போது வழக்கம்போல எண்ணினார். பதினொரு பேர் ஏறினார்கள், பதினொரு பேர் இறங்கினார்கள். இங்கே வந்து வேனைப் பூட்டிவிட்டு மேலே வீட்டுக்குச் சமைக்கப் போய்விட்டார். ஒரு பையன் இறங்கிய பிறகு, மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்ப ஏறி இறங்கியிருக்கிறான். அவனை இரண்டு தரம் எண்ணிவிட்டார். பின்சீட்டுக்குக் கீழே ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் முக்கால் மணி நேரம். வழியில் போன காய்கறிக்காரர் ஒருவர் கண்ணாடியில் சின்னக் கை தட்டுவதைப் பார்த்துக் கல்லால் உடைத்தார்.

"பொழச்சிக்கிச்சா?" அம்மாதான் கேட்டார்.

"பொழச்சிக்கிச்சும்மா. நாலு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. நான் இனிமே வேன் ஓட்டறதில்லன்னு சாவியத் தூக்கி வச்சிட்டேன். ஒரு மாசம் கழிச்சி அந்தப் புள்ளையோட அம்மா வீட்டுக்கு வந்தாங்க. திட்ட வந்திருக்காங்கன்னு நெனச்சேன். நாளையிலேருந்து புள்ளைய ஏத்திக்கங்கன்னாங்க. முடியாதுன்னு அழுதேன். இனிமே உங்களவிட யாரும் பத்திரமா பார்த்துக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." வேனின் முன்சீட்டைக் காட்டினார். "இப்பவும் என்கூடத்தான் வரா. இங்க உக்காருவா. வாயே மூட மாட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கும் எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சுக்கா. எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் எனக்கு ரொம்ப பயமா இருக்கும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்து மூடினார்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அதற்குள் உதவாமல் போய்விட்டன. கே.எல். சென்ட்ரலில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதுவும் வரவில்லை. "நன்றிக்கா" என்று மட்டும் சொன்னேன்.

நன்றி என்று சொன்னால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அட போங்க லா, இதுல என்ன இருக்கு, யாரா இருந்தாலும் செஞ்சிருப்பாங்க. அப்படி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். என் முகத்தை நேராகப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"சரிக்கா" என்றார். "வாங்கிக்கிறேன்."